ஷாங்காய்க்கு எத்தனை மணிக்கு ரயில்

எழுபதுகளில் நாங்கள் டொரொண்டோவுக்கு வந்து, டோர்செட் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர், எண்பது வயது வெள்ளைக்காரர், தனியாக இருந்தார். வாலிபத்தில் ஷாங்காயில் விளம்பரக் கம்பெனி நடத்தியவர். சிகரெட்டும் சோப்பும் விற்கச் சீனாவுக்குப் போன முதல் விளம்பரக்காரர்களில் தானும் ஒருவர் என்பார். ஷாங்காய், சப்வே ரயிலில் ஏறினால் வரும் ஓர் இடம் என்று சின்னப் பிள்ளையான நான் நினைத்திருந்தேன்.

அம்மா மெட்ராஸில் டிராயிங் டீச்சர். இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சீந்தவில்லை. வீட்டுக்காரர் மனது வைத்தால் ஏதாவது விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலைக்குச் சொல்லிவிடுவார் என்று நம்பி, அப்பா அவரை விடாமல் தாஜா செய்தார். அவருக்காக வாசலில் பனி தள்ளினார். ஷாங்காய்க் கதைகளை நூறாவது தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

ஒருநாள் வீட்டுக்காரர், தான் போட்ட முதல் காலண்டரின் படத்தை எங்களுக்குக் கொடுத்தார். பூங்கொத்தோடு ஒரு சீனத்துப் பெண். கீழே பட்டையாக ஒரு சிகரெட்டின் பெயர். அம்மா தன் பிரஷ் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். காலண்டரில் ஜவுளிக்கடைப் பெயரை வெட்டிவிட்டு லட்சுமியை மட்டும் மாட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அதேபோல் சிகரெட்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்தப் பெண்ணை முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டி, நெற்றியில் குங்குமமும் வைத்தாள்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “அவரோட உழைப்பே அந்தப் பேர்தான். அதைப் போய் வெட்டிட்டியே. இனி உனக்கு யார் வேலை சொல்லுவா?”

“சாமி பக்கத்துல சிகரெட்டா?” என்றாள் அம்மா.

மறுநாள் ஹீட்டரைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார்.

“சீனாவுலயும் வீட்டுக்கு வீடு பேரை வெட்டிட்டுத்தான் படத்தை மாட்டினாங்களாம். அப்புறம்தான் வெட்ட முடியாதபடி சிகரெட்டைப் பொண்ணு கையிலேயே வரையச் சொன்னாராம். உன்னை மாதிரி ஒருத்தி அப்போ இருந்திருந்தா, உடனே வேலைக்கு வெச்சிருப்பாராம்.”

வேலை கிடைத்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அம்மா கேசரிகூடக் கிளறினாள். ஆனால் திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. ஷாங்காய்க்கு எத்தனை மணிக்கு ரயில் என்று அப்பாவிடம் கேட்டேன். அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவருக்குத் தெரிந்த விளம்பரக்காரர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை என்றார். அப்படியென்றால் வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார்?

யோசித்து யோசித்து, குற்றவாளி கத்தரிக்கோல்தான் என்று கண்டுபிடித்தேன். வெட்டாமல் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும். பிரஷ் பெட்டியிலிருந்து அதை எடுத்து ஹீட்டருக்குப் பின்னால் போட்டேன். அம்மா கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யையும் தயார் செய்து, தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா கேட்கவே இல்லை. அந்தக் குளிர்காலம் போய், அடுத்த குளிர்காலமும் போயிற்று; பிரஷ் பெட்டி மூடியபடியே இருந்தது. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.