அக்கா காலியாக விட்ட வட்டம்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உறவினர் யாரும் அவருடைய கேள்விகளுக்குத் தப்பியிருக்க முடியாது. வலியசாலையில் பிறந்து, அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்.

என் பெண் மாசமாக இருந்தபோது, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் நிறுவனத்து ஆள் வீட்டுக்கு வந்தார். குழந்தைக்கு என்றாவது வியாதி வந்தால் அதிலுள்ள ஸ்டெம் செல் காப்பாற்றும் என்றார். நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"செத்த இருங்கோ," என்றார் அக்கா. "பரம்பரையா வர்ற ரத்த வியாதின்னா, அந்தக் குழந்தையோட ரத்தமே அதுக்கு உதவுமா?"

வந்த ஆள் தலையைச் சொறிந்தார். "அதே குறை இதிலயும் இருக்குமே, மாமி."

"அப்போ நம்மாத்து ரத்தத்துல என்ன இருக்குன்னு பார்க்காம, எதைடீ சேமிக்கப் போறே?" என்று என் பக்கம் திரும்பினார் அக்கா.

நாலு வயதில் வெளுத்துப்போய் இறந்த எங்கள் தம்பியை அக்கா மறக்கவே இல்லை. எல்லோரும் சோகை என்றார்கள். தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோயாக இருக்குமோ என்று அக்காதான் கேட்டார். தாய், தகப்பன் இருவரிடமும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய் வருமாம். பெண்ணும் மாப்பிள்ளையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்றார். சம்பந்தி மாமி கொதித்துப்போனார். "எங்காத்துப் பிள்ளைக்குக் குறை சொல்றேளா?" நானும் சேர்ந்துகொண்டு, "இனிமே இந்தாத்து வாசப்படி மிதிக்காதே" என்று அக்காவிடம் கத்தினேன்.

மாப்பிள்ளைதான் ஆட்டோ பிடித்து, என் பெண்ணையும் அக்காவையும் தம்பானூரில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். பெண்ணுக்குக் குறை இருந்தது, மாப்பிள்ளைக்கு இல்லை. குழந்தைக்கு அந்த நோய் வராது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அழுதது போறும். பொண்ணுக்கு உன்கிட்டேருந்து வந்துதா, உங்காத்துக்காரர்கிட்டேருந்தா?" என்றார்.

"சும்மா இரேன், அக்கா!"

எனக்குப் பயம்தான். குறை என்னுடையது என்றால் புக்ககத்தில் என்ன சொல்வார்கள்?

அதன் பிறகு அக்கா குடும்ப மரம் வரைந்தார். குறை உள்ளவருக்குச் சிவப்பு வட்டம், இல்லாதவருக்குப் பச்சை, தெரியாதவருக்குக் காலி. முதல் சிவப்பு அவருடையது. கேட்காமல் யாருக்கும் நிறம் பூசமாட்டார். கடைசி நாட்களிலும் டிரிப் பாட்டிலைக் காட்டி, "இது எந்தினா மோளே?" என்று, அது எதற்கு என நர்ஸிடம் மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், மாப்பிள்ளைக்கும், கோபித்துக்கொண்டு பிறகு பரிசோதனைக்குப் போன உறவினர்களுக்கும் என் நமஸ்காரம். சம்மதித்தவர்களின் பெயரோடு அக்காவின் மரம் இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "மலர்ல போய் இதையா போடறது? வரன் வருமா?" என்றார்கள் சிலர். போட்டுவிட்டேன்.

போன மாதம் தனியாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். நீ காலியாக விட்டுப்போன வட்டத்தை நானே சிவப்பால் நிரப்பியிருக்கிறேன்.

என்கிட்டேருந்துதான், அக்கா.