பீடத்தைச் சேர்க்காத கணக்கு

பத்தாம் வகுப்பில் முத்துராணிக்குக் கணக்கு போனது ஒரு கிறுக்குப் பழக்கத்தால். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் கோட்டை ஆதிப்புள்ளியிலிருந்தே இழுத்துவிடுவாள். சாய்வு சரியாக இருக்கும். அந்தக் கோடு செங்குத்து அச்சை எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று மட்டும் பார்க்க மாட்டாள். "ஏட்டி, எல்லாக் கோடும் உனக்குப் பூச்சியத்துலதான் பொறக்குமா?" என்று நேசையா சார் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

புருஷன் இறந்தபின் அவன் பார்த்த லஸ்கர் வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்பாசமுத்திரத்துக்குக் கீழே ஒரு தடுப்பணை. மதகைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுத வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்த அளவுகோலுக்கும் சந்தனமும் மாலையும் உண்டு. சூடம் கொளுத்த வசதியாக எந்தக் காலத்து மகராசனோ அதன் அடியில் இரண்டடிக்குப் பீடம் கட்டிவைத்துவிட்டான். அளவுகோல் பலகையில் பூச்சியமே பீடத்துக்கு மேல்தான் தொடங்கும். மதகு வேலைக்கு அது போதும். ஆனால் கரையின் உயரம் ஆற்றுத் தரையிலிருந்து பன்னிரண்டடி. வெள்ளம் வந்தால் பீடத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். புருஷன் இருந்தபோது இதைப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறான்.

அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலை ஆறு மணிக்குப் பலகையில் மூன்றடி. ஏழுக்கு நான்கு, எட்டுக்கு ஐந்து. மேலதிகாரிக்குப் போன் போகவில்லை. முத்துராணி பழைய கிராப் நோட்டில் மூன்று புள்ளி வைத்து ஸ்கேலால் கோட்டை இழுத்தாள். மணிக்கு ஓரடி ஏற்றம். கோடு மூன்றில் தொடங்கி, மத்தியானம் மூன்று மணிக்குப் பன்னிரண்டைத் தொட்டது. நனைந்துகொண்டே ஓடி, ஆற்றோரத் தெருவில் நாற்பது வீட்டுக் கதவையும் தட்டினாள்.

"மூணு மணிக்குத் தண்ணி தெருவுக்குள்ள வந்துரும். பன்னெண்டுக்குள்ள எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க!"

போனார்கள். பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டுப் பிச்சைக்கண்ணு மட்டும் ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாகத் திரும்பிப் போனார். ஒரு மணிக்கே ஆறு தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு நாள் கழித்து, கீழே ஒரு வாழைத்தோப்பில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

கோடு மூன்றில் அல்ல, ஐந்தில் தொடங்கியிருக்க வேண்டும். அதே சாய்வுதான். இரண்டடி போனது, இரண்டு மணி நேரம் போனது, ஒரு மனுஷன் போய்விட்டார்.

இது முத்துராணிக்கு மட்டுமே தெரியும். ஊரோ நாற்பது குடும்பத்தைக் காப்பாற்றிய மகராசி என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. வாயைத் திறந்தால் வேலை போகலாம், ஊர் காறித் துப்பலாம். திறக்காமல் கோமுவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிச்சைக்கண்ணுவின் மனைவி கோமு. இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்ததும் முத்துராணி அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மைனி, நான் மூணுன்னு சொன்னது தப்பு. ஒரு மணின்னு சொல்லிருக்கணும். பீடத்தச் சேக்க மறந்துட்டேன்."

கோமு அழவில்லை.

"ஏட்டி, போவாதீயன்னு கையப் புடிச்சேன். 'முத்துராணி மூணுன்னு சொல்லிட்டா, இன்னும் ரெண்டரை மணி நேரம் கெடக்கு, அவ கணக்கு தப்பாது'ன்னுட்டுப் போனாவ."

அதன்பின் கோமு அவளிடம் பேசவே இல்லை. முத்துராணி மேலதிகாரிக்கும் உள்ளதை எழுதிக் கொடுத்தாள். ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அது அவளுக்கு உறைக்கக்கூட இல்லை. காலையும் மாலையும் அடுத்த வீட்டில் அடைபட்டுக் கிடந்த கதவுதான் உறைத்தது.

அடுத்த ஐப்பசியில் ஆறு மறுபடி ஏறியது. முத்துராணி கோட்டை இழுத்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்து, தெருவுக்கு வந்தாள்.

"நாலு மணிக்குத் தண்ணி வந்துரும்!"

ஜனம் மூட்டை கட்டத் தொடங்கியது. கோமுவின் வாசலில் மட்டும் கதவைத் தட்டாமல் நின்றாள். கதவு தானாகத் திறந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு கோமு வாய் திறந்தாள்.

"பீடத்தச் சேத்தியாட்டீ?"

"சேத்துட்டேன் மைனி."

கோமு வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.