கிடார் பெட்டியில் இருந்த காகிதம்

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் தங்கையும் குடியிருந்தோம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போனவன். தமிழ் எழுத்துக் கூட்டி எழுதப் படிக்க வரும், இங்கிலீஷ் சுத்தமாக வராது.

கப்பலில் சமையல் வேலை பார்த்த எங்கள் அப்பா, கடைசிப் பயணத்தில் ஒரு கிடார் கொண்டு வந்தார். வயலின் மாதிரி மேல்பலகை வளைந்து, நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் நெளிந்த ஓட்டைகள். அவர் இறந்த பிறகு தங்கைதான் அதைச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசிப்பாள். உப்புக்காற்றுக்குப் பயந்து தினமும் நான் துடைத்து வைப்பேன். ஒரு கீறல் கிடையாது.

ஒரு நாள் டீக்கடையில் கூட வேலை செய்தவன் ஆரம்பித்தான். "இன்னா மாமு, வூட்ல ஃபாரின் கிடாரு கீதாமே, பில்லு கீதா? கஸ்டம்ஸ்காரன் தண்டையார்பேட்டை வரைக்கும் வந்துகினு கீறான். ஜெயிலுக்குப் போவ பாயி சுருட்டி ரெடியா வச்சிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அதற்கப்புறம் வாசலில் ஒரு சைக்கிள் நின்றாலே கிடார் பெட்டியின் மேல் போர்வையை இழுத்துப் போடுவேன். தங்கையும் பயந்துவிடுவாளே என்று அவளிடம் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் அவள் வேலைக்குப் போனதும், கல்யாணங்களில் வாசிக்கும் ஒரு பாண்டுக்காரரைக் கூட்டி வந்துவிட்டேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ பத்திரமா வச்சிருக்கியே, ஏன்பா விக்கிறே?"

"வாசிக்க ஆளில்ல சார்" என்றேன்.

பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். பிறகு பெட்டிக்குள் உபரிக் கம்பி வைக்கும் தகர டப்பாவைத் திறந்து, மடித்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நான் பலமுறை பார்த்த காகிதம்தான். ஏதோ இங்கிலீஷ் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

"சுங்கவரி கட்டின ரசீதுப்பா. உங்க அப்பா பேரா இது?"

என் முகத்தைப் பார்த்தவர், பெட்டியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். "வேணும்னா நீயே வச்சுக்கோ. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

திருப்பி வாங்கிக்கொண்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சும்மா பயந்ததை, சொந்த வீட்டுக் காகிதத்தைப் படிக்கத் தெரியாததை. "இல்ல சார், எடுத்துகினு போங்க" என்று சொல்லிவிட்டேன்.

சாயந்தரம் தங்கை காலி மூலையைப் பார்த்தாள். கஸ்டம்ஸ் கதையைச் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அதுக்குதான்ணே ரசீத கம்பி டப்பாலயே வச்சிகினு இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வெறுங்கையோடு நின்று பாடினாள்.

இன்றைக்கும் எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டு போகிறேன். படித்துச் சொல்வாள், பழைய பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. அந்தப் பாண்டுக்காரர் கிடாரைத் திருப்பித் தர முன்வந்ததை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. கிடாரை விற்றதைவிட, இத்தனை வருஷம் அதை மறைத்ததுதான் எனக்குப் பெரிய பாரம். இதை எழுதி முடித்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.