துண்டால் அடைத்த இடைவெளி

உழைப்பவர் உரிமைக்காகக் கட்சி நடத்திய மனிதச் சங்கிலியில், கழக்கூட்டம் ஊர்ச் சாலையோரம் அப்பா, அம்மா, நான் மூவரும் நின்றோம். எங்களை வரச்சொன்ன வார்டுத் தலைவரின் குடும்பம் வரவில்லை. ஐ.டி. அலுவலகமொன்றில் அம்மாவுக்குத் துப்புரவு வேலை வாங்கித் தந்தவர் அவர். நாங்கள் போகாவிட்டால் அந்த வேலை போய்விடும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

தலைவர் வீட்டார் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. சங்கிலி அறுந்து தெரியக்கூடாதாம். கட்சிக்காரர்கள் அப்பாவின் தோள்துண்டை உருவி, ஒரு முனையை அவரிடமும் மறுமுனையை அம்மாவிடமும் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். வெயிலில் இருவரும் அப்படியே நின்றார்கள்.

கேமரா வந்த பிறகுதான் கார் வந்தது. தலைவரும் மனைவியும் மகனும் இஸ்திரி மடிப்பு கலையாமல் இறங்கினார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு மாறி நில்லுங்க, கேட்டோ. படம் எடுத்ததும் இடத்த விட்டுத் தாரேன்" என்றார் தலைவர்.

நான் பேச வாயெடுத்ததும் அம்மா என் கையைக் கிள்ளினாள். "படிச்ச வாய கொஞ்சம் மூடுடா. என் சோலிய கெடுக்காத."

அப்பா விலகி நின்று, துண்டை உதறித் தோளில் போட்டார். "வெயிலு நமக்கு, போட்டோ அவுகளுக்கு."

அம்மாவின் வேலை தப்பியது. ஆனால் அன்றைக்கு அவளுக்கும், ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கும் கூலி கிடையாது. உழைப்பவர் உரிமைக்காக நின்றதில் எங்கள் வீடு இழந்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.