ஸ்யாமளா டீச்சர் தேடிய கூடாரங்கள்

எனக்குக் காடு ஆகாது. ஃபேன் இல்லாத இடத்தில் படுத்து, டார்ச் அடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய், அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு கிடப்பதற்கு ஜனங்கள் ஏன் முண்டியடித்து புக் பண்ணுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் போனேன். ஸ்யாமளா டீச்சருக்காகப் போனேன்.

பழங்காநத்தத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். டீச்சருக்குக் கணக்கு, சுபலட்சுமியாகிய எனக்குத் தமிழ். டீச்சரின் கணவர் கிருஷ்ணபிரசாத் ஒரு காட்டுப் பைத்தியம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு மலையில் கூடாரம் போட்டுத் தங்கியவர், காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். பாறைமேல் செருப்பும் துண்டும் கிடந்தன. ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவருக்கு நன்னா நீச்சல் தெரியும் சுபா. உயிரோட இருந்தா காட்டுக்கு வராம இருக்க மாட்டார்" என்பார். அதனால் வால்பாறை, மேகமலை, வயநாடு என்று வருஷத்துக்கு ஒரு கேம்ப். மலை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள்; டீச்சர் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பார். சாயங்காலம் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டிப் பாட்டும் கூத்துமாக இருக்கும்போது, வெளிச்சத்தில் தெரியும் ஒவ்வொரு ஆண் முகமாகத் தேடுவார். சமையல்காரர், காவலாளி, டிரைவர் எல்லோரிடமும் ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோவை நீட்டுவார். யாரும் பார்த்ததில்லை. போகிற இடமெல்லாம் ஒரு தரம் நின்று, "அவர் இங்க இருக்கார்" என்று மெல்லச் சொல்வார். எனக்குப் பயமாக இருக்கும். பயத்தை மறைக்க எரிந்து விழுவேன்.

இன்னொரு பக்கம் டீச்சரின் கொழுந்தன் ஹரிஷங்கர் அவரது திருநகர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். அவர்கள் வழக்கத்தில், காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால் புரச இலையிலும் தர்ப்பையிலும் அவர் உருவத்தைச் செய்து, கொள்ளி வைத்துக் கர்மம் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் போன உயிர் அலையுமாம்.

"மன்னி, அண்ணா இன்னும் எத்தனை நாள் அலையணும்?" என்று அழுதார்.

"உயிரோட இருக்கறவரைக் கொளுத்தச் சொல்றியா?" என்று டீச்சர் உள்ளே போய்விட்டார். கடைசியில் இறங்கி வந்தார். இந்த மே மாதமும் ஆள் தட்டுப்படாவிட்டால் கர்மம் செய்யலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

இந்தத் தடவை தூரம் போகவில்லை. வாடிப்பட்டி தாண்டி, சிறுமலை அடிவாரத்து மாந்தோப்பில் புதிதாகக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதுமே டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

"அவர் இங்க இருக்கார்."

"ஆமா, போன வருசமும் இதத்தான சொன்னீங்க. வாங்க டீச்சர், காபி ஆறிப்போகும்" என்றேன்.

மறுநாள் காலை எங்களை மலைமேல் கூட்டிப்போனவர் ஜீப் டிரைவர் சோணைமுத்து. டீச்சர் ஃபோட்டோவைக் கொடுத்ததும் வண்டியை ஓரங்கட்டி உற்றுப் பார்த்தார்.

"இவுகளா? இப்ப தாடி வச்சிருக்காக. இடது கைச் சுண்டுவிரல் பாதிதான இருக்கும்?"

சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிப்போன விரல் அது. ஃபோட்டோவில் முகம் மட்டும்தான் தெரியும்; விரலைப் பற்றி நாங்கள் எந்தக் கேம்பிலும் வாய் திறந்ததில்லை.

"எப்பப் பார்த்தேள்?" டீச்சரின் குரல் வகுப்பில் கேள்வி கேட்கும் குரலாகவே இருந்தது.

"நேத்துதாங்க்கா. கோயம்புத்தூர்ல இருந்து குடும்பத்தோட வந்தாக. இன்னும் ரெண்டு நாள் தங்குறதாத்தான் இருந்துச்சு. நீங்க வந்து எறங்குனீகள்ல, அந்தப் பக்கந்தான் நின்னுக்கிட்டிருந்தாக. என்னன்னே தெரியல, ஒடனே சாமானக் கட்டிட்டாக. நான்தான் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தேன். அந்தப் பொம்பளப் புள்ள நெருப்பு போடுறதப் பாக்கணும்னு அம்புட்டு அழுக."

"புள்ளைக்கு எம்புட்டு வயசுண்ணே இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பத்து இருக்கும்."

கணக்கு டீச்சருக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஃபோட்டோவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நன்னா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருக்காக. வாடகைய போன்லதான் போட்டுவிட்டாக, நம்பரு இருக்கு. தரவாக்கா?"

நான் என் போனை எடுத்துவிட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து இறக்கினார். "வேண்டாம். வண்டியைத் திருப்புங்கோ."

அந்த ஆள் மட்டும் எதிரே வந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். டீச்சர் காய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் போனதும் ஹரிஷங்கரைக் கூப்பிட்டார்.

"நான் அவரைப் பார்க்கலை. நாள் குறிச்சுடு."

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு காலை, திருப்புவனத்தில், தண்ணீர் இல்லாத வைகை மணலில் எல்லாம் நடந்தது. இலையால் கைகால், தலைக்கு ஒரு தேங்காய், மேலே புது வேட்டி. ஹரிஷங்கர் தேம்பிக்கொண்டே கொள்ளி வைத்தார். கோயம்புத்தூரில் இந்நேரம் ஒரு மனிதர் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் மேல் இருந்த ஆத்திரம் போய், இது என்ன காரியம் என்ற பயம் வந்துவிட்டது. டீச்சர், பெண்கள் நின்ற இடத்தை விட்டுத் தீக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். நானும் போய் அவர் காதோடு சொன்னேன்.

"பாவம் டீச்சர். உசுரோட இருக்காருன்னு சொல்லிருவோம்."

டீச்சர் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவாளுக்குச் சூடு தெரியாது சுபா" என்றார். "இவருக்குத் தெரியும்."