அம்சவேணி மூட்டிய கணப்பு

அம்சவேணி என் சின்ன மாமன் மகன் குப்புசாமியின் இரண்டாவது மருமகள். மூத்தவள் திருப்பூரில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இது முடியாது. அம்சவேணி ஊட்டி பக்கம் கேத்தியில் எங்கள் ஊர்ப் பகுதிநேர நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

நூலகம் என்றால் ஒரே அறை. பதிவேட்டில் ஒரு நாளைக்கு மூன்று கையெழுத்து விழும். மூன்றும் பேப்பரில் ராசிபலன் பார்க்க வருகிற பெரியவர்களுடையவை. போன வருடம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இருபது பேராவது தினமும் வராவிட்டால் நூலகத்தை மூடிவிட்டுப் புத்தகங்களை ஊட்டிக்கு ஏற்றிவிடுவார்களாம். அம்சவேணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல படிக்கறது பத்தாதுங்களாக்கா?" என்றாள் ஏழாவது படிக்கும் ஜீவிதா.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. அம்சவேணி தனக்குக் குளிர் தாங்காமல்தான் நூலக வாசலில் ஓர் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டினாள். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஈசலாக மொய்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சட்டியைக் கதவோரமாக உள்ளே இழுத்துவைத்தாள்.

"சும்மா காய முடியாது. ஒரு பக்கம் சத்தமாப் படிக்கறவங்களுக்குத்தான் சட்டி பக்கத்துல முக்காலி. மத்தவங்கெல்லாம் பொறத்தால."

அன்றைக்கே இருபத்தாறு பேர்!

ஆனால் பிள்ளைகள் நம்மைவிட விவரம். முக்காலியில் எவ்வளவு நேரமோ அவ்வளவு சூடு. ஆறாவது படிக்கும் கமலேஷ் 'ஒரு ஊரில்' என்பதைத் தாண்டவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். நடுவில் இருமினான், பக்கத்தைத் தடவிக் கொடுத்தான். கடகடவென்று படிக்கிற ஜீவிதாவே ஒரு வாரத்தில் திக்கத் தொடங்கினாள்.

"இருந்த படிப்பையும் கெடுத்துப்போட்டனே!" என்று அம்சவேணி என்னிடம் வந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

கணக்கெடுக்க அதிகாரி வந்த அன்று, முக்காலியில் கமலேஷ். கதையில் ஒரு தையல்காரர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார். அதே கிணற்றில் ஏற்கெனவே ஒரு புலி விழுந்து கிடக்கிறது. சரியாக அந்த இடத்தில் கமலேஷ் நிறுத்தி, மூக்கைச் சிந்தினான்.

"டேய், புலி கடிச்சுதா இல்லியா? படிடா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஜீவிதா.

"இரு புள்ள, கை வெறைக்குது."

வாசலில் அதிகாரி நின்றார். ஸ்ரீராம் என்று பேர், கரூர்க்காரர். ஊட்டிக் குளிர் என்ன பெரிய குளிர் என்று ஒற்றைச் சட்டையோடு வந்தவர்.

"என்னம்மா இது? புத்தகத்துக்கு நடுவுல நெருப்பா? மொதல்ல அணைங்க!"

அம்சவேணி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். சட்டி புஸ்ஸென்றது. நூலகமும் இத்தோடு அணைந்தது என்றுதான் நினைத்தாள். இனி எந்தப் பிள்ளை உட்காரும்?

ஒரு பிள்ளையும் எழவில்லை.

"இப்பப் படிடா," என்றாள் ஜீவிதா.

காய நெருப்பில்லாத கமலேஷ் இப்போது மலை இறங்குகிற லாரி மாதிரி படித்தான். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நெருங்கினார்கள். பல் கிடுகிடுக்க நின்ற அதிகாரி மெல்ல வந்து அந்தக் கும்பலுக்குள் தன்னையும் சொருகிக்கொண்டார்.

"ஏனுங்க சார், தலைய இறக்குங்க. படம் தெரியல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இறக்கினார்.

புலி தையல்காரரைக் கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். வாசகர்கள் இருபத்தாறு என்று எழுதி, கொஞ்சம் யோசித்து இருபத்தேழு ஆக்கினார்.

"மூட மாட்டாங்கம்மா, நான் சொல்லிக்கறேன். நெருப்பு மட்டும் கூடாது."

மறுநாள் கணப்பு இல்லை. இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வீட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு. அன்று சாயங்காலம் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் நடுங்கிய ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அம்சவேணியைத்தான் திட்டினார்கள். நானும்தான்.