வெள்ளிக்கிழமை நண்பகலில் அல்கோருக்குச் சென்ற தத்துவம்

இவ்வாண்டு ஜனவரி 16, வெள்ளிக்கிழமை. தோஹாவில் மகள் வீட்டில் தங்கியிருந்த நான், 52 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்கோர் தொழிலாளர் கேம்ப்புக்குச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டேன். அழைத்தவர் செல்வராஜ், என் பழைய மாணவர், இப்போது ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் சாரம் கட்டும் பிரிவின் சூப்பர்வைசர். பொருள்: ஓர் அமெரிக்கத் தத்துவ அறிஞரின் வாழ்வும் பணியும். உலகம் பொருள்களால் அன்று, நிகழ்வுகளால் ஆனது என்றவர். நாளை என்பது கடவுளுக்கே இன்னும் முடிவாகாதது என வாதிட்டவர். பறவைகளின் பாட்டையும் ஆராய்ந்தவர். இருபத்திரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன்.

உரை 12.00 முதல் 1.00 வரை. 1.10க்கு அவர்களுக்கு டூட்டி பஸ். ஆகவே காரை 11.00க்கு வரச் சொன்னேன். வாடகை 80 ரியால். 11.20க்கு ஓட்டுநர் நைனா, கீழக்கரைக்காரர், பள்ளிவாசல் முன் வண்டியை நிறுத்தினார்.

"என்னப்பா இது?"

"ஜும்மாய்யா. பத்து மணிக்கே கிளம்பிரலாம்னு போன்ல சொன்னேன். நீங்கதான் பதினொண்ணுனு பிடிவாதமா நின்னீங்க. தொழுகையை நானா தள்ளி வைக்க முடியும்?"

அறுபத்தேழு நிமிடங்கள் காருக்குள் அமர்ந்திருந்தேன். என் எரிச்சலை விவரிக்கப் போவதில்லை.

1.04க்கு அல்கோர் சேர்ந்தபோது அனைவரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "பாய், ஜல்தி!" என்று பஸ் ஓட்டுநர் கத்தினார்.

"சார், நீங்களும் ஏறுங்க," என்றார் செல்வராஜ். "ஆலை கேட் வரைக்கும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. கார் பின்னாலயே வரட்டும். ஒரு வாரமா சொல்லிச் சொல்லிப் பதினாலு பேரைச் சேத்திருக்கேன், விட்றாதீங்க."

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, குலுங்கும் வண்டியில் பேசினேன். பக்கங்களைப் புரட்ட வழியில்லை. பறவைகளை விட்டுவிட்டேன், நாளையைப் பற்றி மட்டும் சொன்னேன். இருவர் உறங்கினர்.

கடைசி இருக்கையிலிருந்து அய்யனார் என்ற வெல்டர் கேட்டார்: "சார், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவ் கேட்டேன். போர்மேன் மாஃபி, கிடையாதுன்னுட்டான். நாளைக்கு நடக்கப்போறது சாமிக்கே தெரியாதுன்னா, இவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பஸ்ஸே சிரித்தது. உறங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

"தெரியாது," என்றேன். "இன்னும் முடிவாகவில்லை."

"அப்ப இன்னொரு வாட்டி கேக்குறேன்."

அல்கோர் செல்வோருக்கு: வெள்ளியன்று பத்து மணிக்குள் புறப்படுங்கள், அல்லது ஒன்றுக்குப் பின். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். பாஸ் இல்லாமல் ராஸ் லஃபான் கேட்டைத் தாண்ட இயலாது. நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன். உரை எழுதுவோர் மூன்று பக்கங்களோடு நிறுத்திக்கொள்வது நலம்.

ஜனவரி 18, மாலை 6.20க்குச் செல்வராஜ் அழைத்தார். அய்யனார் மறுபடியும் கேட்டாராம். இம்முறை போர்மேன், "பார்க்கலாம்" என்றாராம்.